மொட்டை மாடிச் சாவி

காத்திவாக்கம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு செல்போன் சர்வீஸ் கடை இருக்கிறது. பத்துக்கு எட்டு இருந்தால் அதிகம். ஒரு மேஜை, ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, கண்ணாடிப் பெட்டிக்குள் செத்துப் போன போன்களின் உதிரி பாகங்கள். வெளியே கண்டெய்னர் லாரி ஹார்ன் அடித்தால் உள்ளே பேசுவது கேட்காது. என் போனில் சார்ஜ் ஏறவில்லை என்று போன மாதம் ஒரு சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். (வெறும் தூசி. ஊசியால் ஒரு நெம்பு நெம்பியதும் சரியாகிவிட்டது. கடைக்காரத் தம்பி காசுகூட வாங்கவில்லை.)

அப்போது ஒரு லாரி டிரைவர் உள்ளே வந்தார். ஐம்பது வயது இருக்கும்.

“தம்பி, பேங்க் ஆப் தொறக்க மாட்டேங்குது. இன்னான்னு பாரு.”

தம்பி வாங்கிப் பார்த்தார். “ணா, போனு ரூட் ஆயிருக்குது.”

“ரூட்டா? நான் மணலி ரூட்லதாம்பா ஓட்றேன்.”

நாங்கள் இருவரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. விசாரித்ததில் விஷயம் இதுதான். இரண்டு நாள் முன்பு ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து செகண்ட் ஹேண்டில் வாங்கிய போன். முதலில் வைத்திருந்த யாரோ ஒரு கில்லாடி அதை ரூட் செய்துவிட்டு, சொல்லாமல் விற்றுவிட்டார். லாரி முதலாளி டீசல் காசை இவர் கணக்கில் போட்டிருக்கிறார். ஏ.டி.எம். கார்டு ஊரில் மனைவியிடம். போனில் எடுக்கலாமென்றால் ‘உங்கள் சாதனம் பாதுகாப்பற்றது’ என்று சொல்லிவிட்டு ஆப் மூடிக்கொள்கிறது.

“காசு என்னுது. போனு என்னுது. நடுவுல தொறக்க மாட்டேன்றானே, இவன் யாரு சார்?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

நான் பி.காம். படித்தவன். கம்ப்யூட்டர்காரன் இல்லை. ஆனால் இது கம்ப்யூட்டர் கேள்வியே இல்லை, காமர்ஸ் கேள்வி என்று பட்டது. அதனால்தான் இந்த வாரம் இது.

* * *

ரூட் என்றால் என்ன? நீங்கள் ஒரு ஃப்ளாட் வாங்குகிறீர்கள். பத்திரப்பதிவு முடிந்து கிரஹப்பிரவேசமும் ஆயிற்று. வீட்டுச் சாவி உங்கள் கையில். ஆனால் மொட்டை மாடிச் சாவியை மட்டும் பில்டர் தரவில்லை. தண்ணீர்த் தொட்டி, டி.வி. ஆன்டெனா, வடாம் காயவைக்கும் இடம் எல்லாம் அங்கேதான். கேட்டால், “நீங்க விழுந்துடுவீங்க சார், உங்க நல்லதுக்குத்தான்” என்கிறார். ரூட் என்பது அந்த மொட்டை மாடிச் சாவி.

பெயர் பழசு. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ் காலத்து வார்த்தை. (நம் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.) அதில் சாதாரண பயனாளர்கள் அவரவர் எல்லைக்குள் வேலை செய்வார்கள். ‘ரூட்’ என்கிற ஒருவருக்கு மட்டும் எல்லையே கிடையாது. எந்த ஃபைலையும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். ஆண்ட்ராய்டு அந்த வம்சத்தில் வந்த லினக்ஸின் மேல் நிற்கிறது. வித்தியாசம் என்னவென்றால், உங்கள் போனிலும் ரூட் உண்டு. ஆனால் அது நீங்கள் இல்லை.

முதல் ஆண்ட்ராய்டு போனான டி-மொபைல் ஜி1, அமெரிக்காவில் 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்தது. ஒரே மாதத்துக்குள் ஒருவர் வேடிக்கையான குறையைக் கண்டுபிடித்தார். காதலி, ‘ஏன் பதிலே இல்லை?’ என்று கேட்டிருக்கிறாள். போன் அணைந்து எழுந்த காரணத்தைச் சொல்ல ‘ரீபூட்’ என்று டைப் செய்தார். போன் உடனே மறுபடி அணைந்து எழுந்தது! கீபோர்டில் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் திரைக்குப் பின்னால் ரூட்டுக்குக் கட்டளையாகவும் போய்க்கொண்டிருந்ததுதான் காரணம். கூகுள் அவசரமாக அடைத்தது. அன்று தொடங்கிய திறப்பதும் அடைப்பதுமான இந்த ஆட்டம் இன்னும் முடியவில்லை.

* * *

“இதெல்லாம் வேலையத்த பசங்க சமாச்சாரம்” என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், 2012 வரை.

அந்த வருடம் ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். பதிப்பு 2.3. வீட்டிலிருந்து வந்த முதல் தமிழ்ச் செய்தியைத் திறந்தால் வரிசையாகக் கட்டம் கட்டமாக இருந்தது. போனில் தமிழ் எழுத்துருவே இல்லை! விவரமானவர்கள் ஓபரா மினி உலாவியின் ரகசிய செட்டிங் பக்கத்துக்குப் போய், எழுத்துகளைப் படமாக அனுப்பச் சொல்லி, தமிழ்ப் பக்கங்களைப் படித்தார்கள். அந்த உலாவிக்கு வெளியே எல்லாம் கட்டம்தான்.

தமிழ் எழுத்துருவை நாமே உள்ளே போடலாமே? போடலாம். ஆனால் எழுத்துருக்கள் இருக்கும் ஃபோல்டர் மொட்டை மாடியில் இருக்கிறது. அங்கே போக ரூட் வேண்டும். அம்மா அனுப்பிய செய்தியைப் படிக்க, நான் காசு கொடுத்து வாங்கிய போனின் பூட்டை நானே உடைக்க வேண்டியிருந்தது. உடைத்தவர்களுக்கும் முழுத் தமிழ் கிடைக்கவில்லை. எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் வித்தை அந்தப் பதிப்புக்குத் தெரியாததால், எழுத்துக்கு முன்னால் வரவேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றது. இருந்தாலும் கட்டத்துக்குக் கொம்பு தேவலை. 4 என்று தொடங்கும் பதிப்புகள் பரவிய பிறகுதான் தமிழ் ஒழுங்காகத் தெரிய ஆரம்பித்தது.

நானும் உடைக்க உட்கார்ந்தேன். சென்னையில் தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்த காலம் அது. அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி ஜன்னலில் தெரிகிற ஊரில்தான் இருந்தேன், ஆனாலும் கரண்ட் போகும். அன்றைய வெட்டு முடிந்துவிட்டது என்ற தைரியத்தில் யு.பி.எஸ். இல்லாத கம்ப்யூட்டரில் போனைச் செருகி, சிஸ்டம் மென்பொருளை ஏற்ற ஆரம்பித்தேன். அறுபது சதவீதத்தில் ஃபேன் நின்றது. கம்ப்யூட்டர் நின்றது. போனும் நின்றது, நிரந்தரமாக. இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் செங்கல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொருத்தமான பெயர். ஒன்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு செங்கல். கொத்தனாரிடம் கேட்டால் லோடு கணக்கில் கொடுத்திருப்பார்.

* * *

கடைக்காரத் தம்பியிடம், “எதனால சொதப்பறாங்க?” என்று கேட்டேன். அவர் சொன்னதையும் நான் பட்டதையும் சேர்த்துத் தருகிறேன். செய்யச் சொல்லி இல்லை. செய்து மாட்டிக்கொண்டு முழிப்பவர்கள் தமிழிலும் இருக்கிறார்கள் என்பதற்காக.

முதல் காரணம், பெயரை நம்புவது. ஒரே பெயரில் விற்கும் போன் நாட்டுக்கு ஒன்றாக, சிப்புக்கு ஒன்றாக நாலு விதம் இருக்கும். பெட்டியில் போட்டிருக்கும் பெயர் போதாது, செட்டிங்கில் இருக்கும் மாடல் எண்ணும் பில்ட் எண்ணும் முக்கியம். ரூட் செய்ய போனின் ‘பூட் இமேஜ்’ என்கிற துவக்க ஃபைலைத் திருத்தி ஏற்றுவார்கள். அது அதே பில்டிலிருந்து எடுத்ததாக இல்லாவிட்டால், போன் கம்பெனி சின்னத்தைக் காட்டும், அணையும், மறுபடி காட்டும். விடிய விடிய இதே வேலையாக இருக்கும்.

இரண்டாவது, பூட்லோடர். போன் விழிக்கும்போது முதலில் எழும் வாட்ச்மேன் இவர். கம்பெனி முத்திரை இல்லாத எதையும் உள்ளே விடமாட்டார். முதலில் இவரைச் சம்மதிக்க வைக்காமல் மேற்கொண்டு எதுவும் நடக்காது. சம்மதிக்க வைத்தால், போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். திருடன் கையில் போன் கிடைத்தால் உங்கள் படங்கள் போகக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு, நியாயமானதுதான். ஆனால் கல்யாண போட்டோவை வேறு இடத்தில் வைக்காமல் இதைச் செய்துவிட்டு வந்து அழுதவர்களைத் தம்பி பார்த்திருக்கிறார்.

மூன்றாவது கேபிள். கம்ப்யூட்டர் ‘சாதனத்துக்காகக் காத்திருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பாதி நேரம் குற்றவாளி கேபிள்தான். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் தகவல் போகாது. அடுத்த சந்தேகம் டிரைவர் மென்பொருள்.

நான்காவது, பழைய பதிப்புக்கு இறங்கப் பார்ப்பது. பல புதிய போன்களில் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் எண் ஒன்று உள்ளே பதிந்திருக்கும். மீறி இறக்கினால் அதுவும் செங்கல்தான்.

ஐந்தாவது, ‘ஒரே தட்டில் ரூட்’ என்று வரும் இலவச ஆப்கள். மொட்டை மாடிச் சாவியை முகம் தெரியாதவரிடம் கொடுத்து, ‘திறந்துவிட்டுக் கொடுங்கள்’ என்பதற்குச் சமம். அவர் ஒரு டூப்ளிகேட் சாவி செய்துகொண்டாரா என்று உங்களுக்குத் தெரியாது.

மாட்டிக்கொண்டவர்களுக்கு: பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து நீளமாக அழுத்திப் பாருங்கள். (சில கம்பெனிகளில் வேறு பட்டன் ஜோடி.) ஃபாஸ்ட்பூட் என்றோ டவுன்லோடு என்றோ ஏதாவது எட்டிப் பார்த்தால் போனுக்கு உயிர் இருக்கிறது. அதே பில்டின் கம்பெனி மென்பொருளை ஏற்றினால் பெரும்பாலும் பிழைக்கும். எதுவுமே வரவில்லையா? சர்வீஸ் கடைதான். அங்கேயும் போர்டு மாற்றச் சொல்லலாம்.

* * *

இப்போது டிரைவர் கேட்ட கேள்விக்கு வருவோம். நடுவில் நிற்பவன் யார்?

முதல் ஆள் போன் கம்பெனி. சாம்சங், 2013 முதல் நாக்ஸ் என்கிற ஏற்பாட்டுடன் வரும் போன்களில் ஒரு மின் ஃபியூஸை வைத்திருக்கிறது. அங்கீகாரமில்லாத மென்பொருளை ஒரு தடவை ஏற்றினால் போயிற்று, திரும்ப ஒட்டவே ஒட்டாது. ஹுவாவே, பூட்லோடர் திறக்கும் குறியீடு தருவதை 2018-ல் நிறுத்தியது. ஷாவ்மி விண்ணப்பம் போட வைத்து நாள் கணக்கில் காக்க வைத்தது, பிறகு இன்னும் கெடுபிடி செய்தது. கூகுளின் பிக்ஸல் போன்ற சிலவற்றில் மட்டும் திறப்பது சுலபம்.

இரண்டாவது ஆள் பேங்க். 2021 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட டிஜிட்டல் பணப்பரிமாற்றப் பாதுகாப்பு நெறிமுறைகளில், ரூட் செய்த போன்களைக் கண்டுபிடித்து ஆப் இயங்காமல் தடுக்கும் சாத்தியத்தை வங்கிகள் ஆராயலாம் என்று ஒரு வரி இருக்கிறது. ஆராயலாம் என்ற மென்மையான வார்த்தைதான். நம் ஊர் பேங்க்குகள் பலவும் ஆராய்ச்சியை முடித்துவிட்டு நேராகக் கதவைச் சாத்திவிட்டன. மொட்டை மாடிச் சாவி வைத்திருப்பவர் வீட்டுக்கு மணியார்டர் கொண்டு வர மாட்டேன் என்று தபால்காரர் சொன்ன மாதிரி.

பேங்க் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ரூட் திறந்திருந்தால், ஒரு கெட்ட ஆப் மற்ற ஆப்களின் சுவரைத் தாண்டி எட்டிப் பார்க்க முடியும். ஓ.டி.பி.யைப் படிக்கலாம், பாஸ்வேர்டைத் திருடலாம். பென்ஷன் பணத்தை இழந்த பெரியவர்களின் கதைகளை நானே இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பயம் நிஜம்.

ஆனால் சோதனை சரியான சோதனைதானா? ஐந்து வருடமாக ஒரு பாதுகாப்பு அப்டேட்கூட வராத போன், உள்ளே ஊரறிந்த ஓட்டைகளோடு இருக்கும். பூட்டு உடையவில்லை என்பதால் பெரும்பாலான பேங்க் ஆப்கள் அதில் சமர்த்தாகத் திறக்கின்றன. அதே பழைய போனில் லீனியேஜ் ஓ.எஸ். மாதிரி தன்னார்வலர்கள் தயாரிக்கும் மென்பொருளை ஏற்றி, இந்த மாதத்து அப்டேட் வரை போட்டு வைத்திருப்பவரை ‘பாதுகாப்பற்றவர்’ என்று வெளியே தள்ளுகின்றன. போன் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று. வாசல் கதவைச் சாத்தினால் ஆர்வக்காரர்கள் ஜன்னல் வழியாகப் போகிறார்கள். 2014-ல் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் டவல்ரூட் என்று ஒரு ஆப் விட்டார். பூட்லோடரைத் திறக்க வழியே இல்லாத போன்களையும், லினக்ஸின் ஒரு ஓட்டை வழியாக அது ரூட் செய்தது. சொந்தக்காரர் நுழைந்த அந்த ஓட்டையில் திருடனும் நுழைய முடியும். முறையான சாவி கொடுத்திருந்தால் ஓட்டையைத் தேட வேண்டிய அவசியமே வந்திருக்காது. 2016-ல் தைவான்காரரான ஜான் வூ, மேஜிஸ்க் என்ற கருவியை எழுதினார். சிஸ்டம் ஃபைல்களைத் தொடாமலே ரூட் தரும், அப்போது ரூட் இருப்பதை மறைக்கவும் செய்தது. பூட்டைத் திறப்பதில் அவ்வளவு கெட்டிக்காரர். 2021-ல் அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது யார் தெரியுமா? கூகுளின் ஆண்ட்ராய்டு பாதுகாப்புப் பிரிவு. சாவி செய்பவரை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்தான். ஆனால் நமக்குச் சாவி வரவில்லை.

கல்லூரியில் சரக்கு விற்பனைச் சட்டம் 1930 நடத்தினார்கள். பதினாலாவது பிரிவு: விற்ற பொருளை, வாங்கியவர் தொந்தரவில்லாமல் வைத்து அனுபவிக்கலாம் என்ற உறுதி ஒவ்வொரு விற்பனையிலும் சொல்லாமலே அடங்கியிருக்கிறது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது. வக்கீல்கள், “அது வேறு சார். போனைத்தான் விற்றார்கள். உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு உரிமம்தான் தந்தார்கள்” என்பார்கள். இருக்கலாம். ஆனால் கடையில் பில் போடும்போது, ‘பாதி விற்பனை, பாதி வாடகை’ என்று யாராவது சொன்னார்களா? பில்லில் முழு விலை, முழு ஜி.எஸ்.டி.

போனோடு வரும், நீக்க முடியாத ஆப்களின் கதையும் இதே ரகம். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. முன்பே போட்டு வரும் ஆப்களை நீக்குவதைத் தடுக்கக்கூடாது என்றும் சொன்னது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது. ஆனால் ரத்து செய்த நான்கு உத்தரவுகளில் ஆப் நீக்கும் உத்தரவும் ஒன்று. அமெரிக்காவில், போனின் பூட்டைத் திறப்பது காப்புரிமைச் சட்டப்படி குற்றமாகாது என்று 2010-லேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். திறந்தால் குற்றமில்லை. திறக்கச் சாவி தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அங்கேயும் பாதிக் கிணறுதான்.

எல்லோரும் ரூட் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது தேவையே இல்லை. மொட்டை மாடிக்குப் போகாமலே வாழ்ந்துவிடலாம். கேட்பது மூன்றுதான். பூட்டோடு விற்கிறீர்களா, சாவி உண்டா இல்லையா என்று பெட்டியின் மேலேயே அச்சடியுங்கள். அப்டேட் தருவதை நிறுத்தும் நாளில் சாவியைக் கொடுத்துவிடுங்கள், பிறகு பழைய போனைப் பிழைக்க வைப்பது எங்கள் பாடு. பேங்க்காரர்களே, கதவை முழுசாகச் சாத்தாமல், எச்சரித்துவிட்டு, சின்னத் தொகைக்காவது வழி வையுங்கள். நடுரோட்டில் லாரியோடு நிற்பவருக்கு டீசல் போட வேண்டும்.

* * *

அந்த டிரைவர் விஷயம் என்னாயிற்று? தம்பி முதலில் போட்டோக்களையும் நம்பர்களையும் கம்ப்யூட்டரில் எடுத்து வைத்தார். பிறகு கம்பெனி மென்பொருளைத் தேடி இறக்கினார். மூன்று ஜி.பி., சிக்னல் போய்ப் போய் வந்ததால் முக்கால் மணி நேரம். அதை ஏற்றி, போன் ஒழுங்காக எழுந்ததைப் பார்த்துவிட்டு, கடைசியில்தான் பூட்லோடரைப் பூட்டினார். (வரிசை மாறி, திருத்திய மென்பொருளோடு பூட்டினால் அதுவும் செங்கல்தான்.) பேங்க் ஆப் ஒன்றுமே நடக்காத மாதிரி திறந்தது. டீசல் காசு அப்படியே இருந்தது.

“செகண்ட்ல வாங்கும்போது ரெண்டு பாரு ணா” என்றார் தம்பி. “ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. பூட்டு தொறந்திருக்குன்னு எச்சரிக்கை வந்தா வாங்காத. அப்பறம் காசு குடுக்கறதுக்கு முன்னாடி உன் பேங்க் ஆப்பை அதுல போட்டுப் பாரு.” உங்களுக்கும் இதையே சொல்கிறேன்.

போனைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் தம்பி செட்டிங்கில் ஒரு வரியை எனக்குக் காட்டினார். கடைசிப் பாதுகாப்பு அப்டேட்: 2021. அதற்குப் பிறகு கம்பெனி அந்த போனைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தத் தேதியைப் பற்றி பேங்க் ஆப் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டிரைவர் அதே போனால் ஸ்கேன் செய்து கூலியைக் கொடுத்தார். மேஜை மேலிருந்த பெட்டி, ‘முந்நூறு ரூபாய் பெறப்பட்டது’ என்று சத்தமாகச் சொன்னது. வெளியே அவர் லாரிக்குப் பின்னால் நின்றவர்கள் ஹார்ன் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள்.